அரை நிமிஷத்துச் சங்கீதம்

விளம்பரத்துக்கு மெட்டமைப்பதை வயிற்றுப்பாட்டுக்கான தொழில் என்றே நம் சங்கீத உலகம் நெடுங்காலமாக மதித்து வந்திருக்கிறது. லண்டனிலும் பாரிஸிலும் மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்தை முறையாகப் பயின்று பம்பாய் திரும்பி, ஆயிரக்கணக்கான விளம்பரங்களுக்கு இசையமைத்த வன்ராஜ் பாட்டியாவிடத்திலும், 1974-இல் ஷியாம் பெனகலின் 'அங்குர்' தொடங்கித் திரைப்படங்களுக்குச் செய்த பணி ஒரு புறமாகவும், சோப்புக்கும் சேலைக்கும் செய்த பணி மறுபுறமாகவும் பிரிந்தே நின்றன. இந்தப் பிரிவினையை அழித்தவர் ஏ. ஆர். ரஹ்மான் என்பது என் அபிப்பிராயம்.

மலையாளப் படவுலகில் இசையமைத்து வந்த தந்தை ஆர். கே. சேகரை 1976-இல் இழந்து, இளையராஜா முதலானோரின் குழுக்களில் கீபோர்டு வாசித்துக் குடும்பத்தைத் தாங்கிய அவருடைய பாலிய சரித்திரம் பலரும் அறிந்தது, அதை விரிப்பானேன்? கவனிக்கத் தக்கது, ஆல்வின் கடிகாரம், லியோ காப்பி என்று அவர் விளம்பரங்களில் உழைத்த பருவமே. முப்பது வினாடிக்குள் ஒரு பொருளின்மேல் ஆசையை எழுப்பியாக வேண்டிய இடத்தில் பல்லவி, சரணம் என்று விஸ்தரிக்க அவகாசம் ஏது? அங்கே செவியை முதலில் பற்றுவது ராக பாவமன்று, நாதத்தின் குணமே. ஒரு தந்தியின் அதிர்வு எவ்வளவு நேரம் நீள்வது, பாடுபவரின் மூச்சு கேட்பதா வேண்டாமா, மௌனம் எந்த இடத்தில் விழுவது என்று, சினிமாவில் பெரும்பாலும் ஒலிப்பதிவாளர் பொறுப்பில் விடப்பட்டிருந்த சூட்சுமங்களெல்லாம் இங்கே இசையமைப்பாளரின் தலையில் வந்து விழுந்தன. கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்த்து அவர் அமைத்துக்கொண்ட பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்த அப்பியாசம் இராப்பகலாக நடந்தது.

லியோ காப்பி விளம்பரத்தின் வழியாக மணிரத்னத்தின் கவனம் அவர்மேல் விழ, 1992-இல் 'ரோஜா' வெளிவந்து, முதல் படத்துக்கே தேசிய விருதையும் தேடித் தந்தது. வாத்தியக் குழு முழுவதும் கூடி அமர்ந்து, எழுதிய ஸ்வரங்களை வாசித்து ஒரே நாளில் பாட்டை முடித்துவிடும் வழக்கத்துக்கு மாறாக, குரலைத் தனியே, குழலைத் தனியே பதிந்து, சீக்வென்சரில் அமைத்த தாளத்தின்மேல் நிதானமாக அடுக்கிச் செல்லும் விளம்பரக் கூடத்து முறையே அதன் பாடல்களில் ஆட்சி செய்தது. 'சின்னச் சின்ன ஆசை'யில் வாத்தியங்கள் குறைவாகத் தோன்றுவதும், ஒவ்வொன்றும் தனித்துத் துலங்குவதும் இதனால்தான். பிற்காலத்தில் அடுக்குகள் பெருகிப் பாட்டின் சொற்களை விழுங்கத் தொடங்கின என்று கூறுவோர் உண்டு. அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை.

சுதந்திரப் பொன்விழாவை ஒட்டி 1997-இல் சோனி நிறுவனம் வெளியிட்ட 'வந்தே மாதரம்' பாப் தொகுப்பில் அவருக்குத் துணைநின்ற பரத்பாலாவும் விளம்பரப் படக்காரரே; தேசபக்தியையும் சில நொடிகளில் மனத்தில் ஏற்றிவிட முடியும் என்ற துணிவு அங்கிருந்தே வந்திருக்க வேண்டும். லண்டனில் 'பம்பாய் ட்ரீம்ஸ்' அரங்கேறிய 2002-ஆம் ஆண்டிலேயே ஏர்டெல்லுக்காக ஒரு சிறு மெட்டை அவர் அமைத்தார். சில நொடிகளே ஒலிக்கும் அது, கைப்பேசி மணியாக ஊரெங்கும் பரவியது. சொற்களை விழுங்குகிறார் என்று வழக்குத் தொடுத்தவர்களுக்கு அதில் வேலையில்லாமல் போயிற்று. விழுங்குவதற்கு அதில் சொல்லே கிடையாது.