எண்ணி எடுத்த மந்திரங்கள்

அமெரிக்க எழுத்தாளர் ஜாக் வான்ஸ் 1950-இல் வெளியிட்ட ‘தி டையிங் எர்த்’, ஞாயிறு அணையும் தறுவாயிலுள்ள உலகைக் காட்டும் ஆறு கதைகளால் ஆனது. இதில் வரும் மந்திரவாதியின் உள்ளம் ஒரு வேளையில் சில மந்திரங்களையே தாங்கும். ஓதியதும் அவை மறந்துபோகும். மசிரியன் என்பான் ஐந்து மந்திரங்களோடு ஒருத்தியைத் துரத்திச் செல்கிறான். அவை ஒவ்வொன்றாய்த் தீர, வல்லவன் வெறும் மனிதனாகி மாள்கிறான். அளவற்ற ஆற்றல் கதையைக் கெடுக்கும். அளவுபட்ட ஆற்றலே சுவை பயக்கும் என்பதற்கு இஃது ஏற்ற சான்று.

பகடை உருட்டிக் கதைமாந்தராய் ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் ஆட்டம் 1974-இல் வெளிவந்தபோது, இவ்விதியை இந்நூலிலிருந்தே கடன்கொண்டது. ஆயினும் ஆட்டத்தில் வரும் மந்திரவாதி உறங்கி எழுந்து, இழந்ததை மீண்டும் கற்பான். கதையிலோ மறுநாள் ஞாயிறு எழுமென்பதற்கே உறுதியில்லை. ஆட்டம் கொள்ளாது விட்ட அவ்வச்சமே இந்நூலின் உயிர் எனலாம்.