அட்டையில் ஏறிய முகங்கள்

ஏட்டைப் புரட்டுமுன் அட்டையைப் பார்க்கிறோம். அட்டையைப் பார்த்தே ஏட்டை வாங்குகிறோம். இசைக்கோ உருவமில்லை. செவிக்குரிய அதனைக் கண்ணுக்குக் காட்டி விற்க முற்படும் இதழாசிரியன் என்ன செய்வான்? பாட்டைக் காட்ட இயலாது. பாடுவோன் முகத்தைக் காட்டுகிறான். இசையேடுகளின் முகப்புக் கலை முழுவதும் இந்த இயலாமையில் பிறந்ததே என்போம்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், 1967 நவம்பர் 9 நாளிட்டு வெளிவந்தது ‘ரோலிங் ஸ்டோன்’ முதல் இதழ். விலை 25 சென்ட். முகப்பில் ஜான் லெனன். கையிலே கிதார் உண்டோ? இல்லை. எதிரே ஒலிவாங்கி உண்டோ? அதுவுமில்லை. திரைப்படமொன்றில் அவர் ஏற்ற போர்வீரன் வேடம். தலையிலே இரும்புத் தொப்பி, கண்களிலே வட்டக் கண்ணாடி! வியட்நாமில் போர்த்தீ மூண்டெரிந்த ஆண்டு அது. பாடகனுக்கு ஏன் படைவீரன் கோலம் என்ற வினா எழுந்த மாத்திரத்தில் பாதி விற்பனை முடிந்துவிடுகிறது.

கடைத்தட்டில் ஏடுகள் ஒன்றையொன்று மறைத்து நிற்கும். ஆகவே பெயர் உச்சியில் அமைகிறது. அதன் கீழே நம்மை நேரே நோக்கும் இரு கண்கள். கூட்டத்தில் ஒருவர் நம்மையே உற்றுப் பார்த்தால் திரும்பாதிருப்போமா? புகழ் பெற்ற ஏடு இன்னும் ஒரு படி மேலே போகும்: பாடகன் தலையால் தன் பெயரெழுத்துகளிலேயே இரண்டை மறைத்துக்கொள்ளும். புது ஏட்டுக்கு அந்தத் துணிவு வாராது. முழுப் பெயரைக் காட்டியும் அறிவாரில்லையே அதற்கு!

முகப்பைச் சுற்றிலும் தலைப்புகளை வாரி இறைப்பது மற்றொரு வழக்கம். அதனைச் சந்தைக் கூச்சல் என்றே மதிப்போம். கூச்சலின்றியும் வெல்லலாம் என்பதற்கு 1981 சனவரி 22 நாளிட்ட அதே ஏடு சான்று. ஆடையற்ற லெனன், ஆடையணிந்த யோகோ ஓனோவைக் குழந்தைபோல் தழுவிக் கிடக்கும் படம். ஆனி லீபோவிட்ஸ் அதனை எடுத்தது 1980 டிசம்பர் 8 அன்று. அன்றிரவே லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏட்டின் பெயரன்றி வேறு தலைப்பு எதுவும் அந்த முகப்பில் இடம்பெறவில்லை. துயரமும் விலை போகும் சரக்குத்தானே என்று கேட்போர் உண்டு, மறுக்கமாட்டோம். எனினும் சொல்லடக்கம் அங்கே அறமாகவும் அழகாகவும் நின்றது.

எதிர்ப்பைக்கூட விழுங்கிவிடும் வயிறு இந்த அட்டைக்கு உண்டு. 1992 ஏப்ரலில் ‘நிர்வாணா’ குழுவின் கர்ட் கோபேன், முதலாளித்துவ ஏடுகளைப் பழித்து எழுதிய சட்டையை அணிந்து அதே ஏட்டின் முகப்பில் நின்றார். ஏடு நாணியதோ? நாணவில்லை. பழிச்சொல்லையே தூண்டிலாக்கி விற்றது!

இவ்வளவு வலிமை வாய்ந்த இடத்தில் எவரை ஏற்றுவது? வண்ணத்தையும் எழுத்தின் அளவையும் வியந்து நிற்போர் இதனைக் கேட்க மறக்கின்றனர். அட்டையில் ஏறியவரைக் கண் காண்கிறது, ஏற்றப்படாதவரைக் காண்பதில்லை. நாளடைவில், ஏற்றப்பட்டவரே மேதை என்று நெஞ்சம் நம்பிவிடுகிறது. ‘ரோலிங் ஸ்டோன்’ இரண்டாம் இதழின் முகப்பில் கறுப்பினப் பெண்மணி டினா டர்னர் இருந்தார். 1968-இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இடம்பெற்றார். நல்ல தொடக்கமே. ஆயினும் அவ்வேட்டை நிறுவிய ஆசிரியர்களுள் ஒருவரும், நெடுங்காலம் முகப்பின் வாயிற்காவலராய் விளங்கியவருமான ஜான் வென்னர், 2023-இல் இசைமேதைகளுடன் தாம் நடத்திய உரையாடல்களை நூலாக்கியபோது, ஏழு பேரைத் தேர்ந்தார். எழுவரும் வெள்ளையர், எழுவரும் ஆடவர். ஏன் என்று செய்தியாளர் வினவியபோது, பெண்களும் கறுப்பினத்தாரும் அந்த அறிவுத் தளத்தில் பேசும் திறனுடையரல்லர் என்னும் பொருள்பட விடையிறுத்தார். கண்டனம் எழுந்தது, மன்னிப்புக் கோரினார், அவரும் சேர்ந்து நிறுவிய ராக் இசைப் புகழ்மன்றத்தின் ஆட்சிக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். ஐம்பதாண்டுக் காலம் எவர் முகம் உலகுக்குத் தெரியலாம் என்று தீர்ப்பு வழங்கிய கை அது.