நிறம் பார்த்துக் கோழி வளர்த்தல்

இறகின் நிறத்தைக் கொண்டு கோழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்நிறத்திடம் இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் கேட்கிறார்கள். இன்று பொரிந்த குஞ்சு சேவலா பெட்டையா என்பது ஒன்று. நிற்கும் கோழி இன்ன இனத்தைச் சேர்ந்ததா, தரமானதா என்பது மற்றொன்று. முன்னதற்கு, பெற்றோரைச் சரியாக இணைத்திருந்தால், நிறம் பெரும்பாலும் பிழையின்றி விடை தருகிறது. பின்னதற்கு அது தரும் விடை, சந்தையிலும் கண்காட்சியிலும் எவ்வளவு உறுதியோடு ஏற்கப்பட்டாலும், ஊகத்தைத் தாண்டுவதில்லை. ஒரே இறகு ஓரிடத்தில் நம்பத்தக்கதாகவும் இன்னோரிடத்தில் ஏமாற்றுவதாகவும் இருப்பதற்கான காரணம், அந்த நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது, அதை எந்த மரபணு மறைக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது.

கோழி இறகில் இரண்டே நிறமிகள் உள்ளன: கருமையையும் கரும்பழுப்பையும் தரும் யூமெலனின், செம்மையையும் பொன்மையையும் தரும் ஃபியோமெலனின். கண்ணுக்குத் தெரியும் எண்ணற்ற நிறங்கள் அனைத்தும் இவ்விரண்டும் எந்த அளவில், உடலின் எந்தப் பகுதியில் படிகின்றன, அல்லது படியாமல் தடுக்கப்படுகின்றன என்பதன் விளைவுகளே. மரபணு நூல்களில் எம்சி1ஆர் என்று குறிக்கப்படும் மரபணு, நிறமி உயிரணுவைக் கருமைக்குத் திருப்புவதா செம்மைக்குத் திருப்புவதா என்று அடித்தளத்தை வகுக்கிறது. வெள்ளி, வரி, நீலம் எனப் பெயர் பெற்ற பிற மரபணுக்கள் அந்த அடித்தளத்தின் மேல் தம் வேலையைச் செய்கின்றன. அடித்தளம் முழுக் கருமையாக இருக்கும் கோழியில் செம்மையை அடக்கும் மரபணு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தோற்றம் ஒன்றுதான், ஏனெனில் அடக்குவதற்குச் செம்மையே அங்கு இல்லை. ஒரு மரபணு மற்றொன்றின் விளைவைத் தெரியாமல் செய்யும் இம்மறைப்பைக் கணக்கில் கொள்ளாத வளர்ப்புத் திட்டங்கள் முதல் தலைமுறையிலேயே குழம்பிவிடுகின்றன.

பாலை நிறத்தால் அறியும் முறை, பறவைகளின் பால் நிர்ணயம் மனிதருடையதற்குத் தலைகீழாக அமைந்திருப்பதைப் பயன்படுத்துகிறது. சேவலிடம் இசட் எனப்படும் குரோமோசோம்கள் இரண்டு உள்ளன. பெட்டையிடம் ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும் உள்ளன. ஆகவே பெட்டை தன் ஒற்றை இசட் குரோமோசோமை மகன்களுக்கு மட்டுமே தருகிறது. மகள்களுக்கு இசட் வருவது தந்தையிடமிருந்துதான். செம்மையை அடக்கி இறகை வெளிர வைக்கும் வெள்ளி மரபணு இந்த இசட்டில் இருப்பதாலும், அது பொன் வடிவத்தின் மீது ஓங்கு தன்மை உடையது, அதாவது ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படுவது என்பதாலும், வெள்ளிப் பெட்டையைப் பொன்சேவலோடு இணைத்தால் மகன்கள் எல்லாம் தாயைப் போல வெளிர்ந்தும், மகள்கள் எல்லாம் தந்தையைப் போலச் சிவந்தும் பிறக்கின்றன. லைட் சசெக்ஸ் பெட்டைக்கும் ரோட் ஐலண்ட் ரெட் சேவலுக்கும் பிறக்கும் குஞ்சுகளில், தூவி காய்ந்த உடனேயே, வெளிர் மஞ்சள் சேவலையும் செம்பழுப்புப் பெட்டையையும் தனித்தனியே பிரித்துவிடலாம். இதே இரண்டு இனங்களைப் பால் மாற்றி, அதாவது சசெக்ஸ் சேவலையும் ரோட் ஐலண்ட் பெட்டையையும் இணைத்தால், குஞ்சுகள் அனைத்தும் வெளிர்ந்தே பிறந்து, பிரிப்பதற்கு எதுவும் இல்லாமற் போகிறது.

முதல் உலகப் போரின் உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில், முட்டையிடாத சேவற்குஞ்சுகளுக்குத் தீனி வீணாவதைத் தவிர்க்க இந்த விதியைப் பயன்படுத்தலாம் என்று எடுத்துரைத்தவர் கேம்பிரிட்ஜ் மரபியலாளர் ரெஜினால்ட் பன்னெட். 1920களில் ஜப்பானியர் உருவாக்கிய மாற்றுமுறை, குஞ்சின் எச்சத்துளையை மெல்லப் பிதுக்கி உள்ளிருக்கும் சிறு முனைப்பைப் பார்ப்பது; அது துல்லியமானதுதான், ஆயினும் நீண்ட பயிற்சி பெற்ற கை தேவைப்படுவது, குஞ்சைப் பிடித்து அழுத்த வேண்டியது. நிறமுறையோ கண் உள்ள எவராலும் செய்யத்தக்கது, குஞ்சுக்கு வலியில்லாதது. பழுப்பு முட்டையிடும் வணிகக் கோழிகளில் பெரும்பகுதி இன்று இந்த வெள்ளி-பொன் கலப்பிலிருந்தே வருகிறது என்பது இம்முறையின் வெற்றிக்குப் போதிய சான்று.

அந்த வெற்றிக்கு ஒரு விலை உண்டு. கலப்பில் பிறந்த வெளிர் மகனையும் சிவந்த மகளையும் தமக்குள் இணைத்தால், மகன் வெள்ளி ஒன்றும் பொன் ஒன்றும் தாங்கியிருப்பதால், அடுத்த தலைமுறையில் இரு பாலிலும் இரு நிறங்களும் கலந்து பிறந்து, நிறம் பாலைச் சொல்லும் ஆற்றலை முழுதாக இழக்கிறது. ஒவ்வொரு முறையும் தூய வெள்ளிப் பெட்டை வரிசையும் தூய பொன்சேவல் வரிசையும் தனித்தனியே பேணப்பட்டால்தான் கலப்பைத் திரும்பச் செய்ய முடியும். அவ்வரிசைகளை வைத்திருப்பவை பெரிய இனவிருத்தி நிறுவனங்கள். மரபியல் அடிப்படையில் இது தவிர்க்க முடியாத விளைவு என்றாலும், சிறுவளர்ப்பாளர் தம் மந்தையிலிருந்து அடுத்த மந்தையைத் தாமே உருவாக்கும் உரிமையை இதனால் இழக்கிறார் என்பது மரபியலுக்கு வெளியே நிற்கும் உண்மை.

இக்குறையை மரபியலுக்குள்ளேயே தீர்க்க முயன்ற பணி, இத்துறையின் வரலாற்றில் மிக அழகான சிந்தனை என்று சொல்லத் தகுந்தது. கருவெள்ளை வரிகளைத் தரும் வரி மரபணுவும் இசட்டில்தான் இருக்கிறது. வளரும் இறகில் நிறமி உயிரணுக்களை உரிய காலத்துக்கு முன்பே முதிரச் செய்து தீர்த்துவிடுவதும், மீண்டும் புதிய உயிரணுக்கள் வந்ததும் நிறத்தைத் தொடரவிடுவதுமாக அது வரியை உண்டாக்குகிறது. இதன் மூலமான சிடிகேஎன்2ஏ என்னும் மரபணு, மனிதரில் பழுதுபட்டால் தோற்புற்றுக்குக் காரணமாவது. சேவல் இதன் இரண்டு பிரதிகளைத் தாங்கலாம், பெட்டை ஒன்றைத்தான் தாங்க முடியும். இரு பிரதி உள்ள உடல் ஒரு பிரதி உள்ளதைவிட வெளிர்ந்திருக்கும். கருந்தூவியுள்ள பார்டு பிளிமத் ராக் குஞ்சில் இவ்வேறுபாடு தலைப்புள்ளியின் அளவில் மட்டும் மங்கலாகத் தெரியும். பன்னெட்டும் மைக்கேல் பீஸும் 1920களின் இறுதியில் அதே மரபணுவைப் பொன்னிறக் கேம்பைன் இனத்தின் பழுப்புத் தூவிக்கு மாற்றியபோது, ஆண் வெளுத்தும் பெண் தெளிவான கோடுகளோடும் பிறந்தன. கேம்பார் என்று பெயரிடப்பட்ட அவ்வினமும், 1930களில் அதைத் தொடர்ந்து வந்த லெக்பாரும், தமக்குள்ளேயே இணைந்து தலைமுறை தலைமுறையாகப் பால் காட்டும் குஞ்சுகளைத் தந்தன. தூய வரிசைகளை யாரிடமும் வாங்க வேண்டிய தேவை இல்லை.

இருந்தும் வணிகம் இவற்றைக் கைவிட்டது. ஒரே இனத்துக்குள் இணையும் கோழியில், தொலைவான இரு வரிசைகள் சேரும்போது கிடைக்கும் கலப்பின வீறு கிடைப்பதில்லை. முட்டை எண்ணிக்கையில் அந்த இடைவெளி, பால் பிரிப்பதில் கிடைத்த சேமிப்பை விழுங்கிவிட்டது. மரபணு ஒன்றைச் சரியாக அறிந்ததாலேயே கோழி ஒன்றைச் சரியாக உருவாக்கிவிட முடியாது என்பதை லெக்பார் எடுத்துக்காட்டியது. இன்று அது பெரும்பாலும் நீலமுட்டைக்காக வீட்டுத்தோட்டங்களில் வளர்க்கப்படுகிறது.

நிறமுறை எட்ட முடியாத பெரும்பரப்பு வெள்ளைக்கோழி. வெள்ளை லெகார்னின் வெண்மை, ஓங்கு வெள்ளை எனப்படும் மரபணு கருநிறமியை இறகில் படியவிடாமல் தடுப்பதால் வருவது. வெள்ளியோ வரியோ அதற்கு அடியில் இருந்தாலும் வெளியே தெரியாது. ஆகவே வெள்ளை முட்டைத் தொழில், முதல் நாளிலேயே சிறகிறகின் நீளத்தில் வேறுபாடு காட்டும் மெதுவிறகு மரபணுவை நாடியது. இதுவும் இசட்டில் உள்ளதே. ஆனால் லெகார்ன் வரிசைகளில் அதனோடு ஒட்டி வரும் பழைய வைரசின் மரபுத்துண்டு, லியூகோசிஸ் என்னும் புற்றுநோய்த் தொற்றுக்குக் குஞ்சுகளை எளிதில் ஆளாக்குகிறது என்று கண்டறியப்பட்டது. குறியாகத் தேர்ந்த மரபணு தனியே பயணிப்பதில்லை என்பதை இனவிருத்தியாளர் இழப்பின் வழியாகவே கற்றனர்.

நிறமுறையின் மீது வைக்கத்தக்க மிகக் கடுமையான குற்றச்சாட்டு வேறிடத்தில் இருக்கிறது. அது சேவற்குஞ்சை அடையாளம் காட்டியது, அதற்கு ஒரு வாழ்வைக் காட்டவில்லை. முட்டைக்கோழி இனத்துச் சேவல் இறைச்சிக்கு மெல்ல வளர்வதால், பிரிக்கப்பட்ட அன்றே கொல்லப்படுவது உலகெங்கும் வழக்கமாயிற்று. பிரிப்பு மலிவானதால் அவ்வழக்கம் எளிதாயிற்று என்றும் சொல்லலாம். ஜெர்மனி 2022 ஜனவரி முதல் இதைத் தடைசெய்தபோது, முட்டைக்குள்ளேயே பாலை அறியும் முறைகள் தேவைப்பட்டன. அவற்றுள் ஒன்று, அடைகாக்கும் ஏறக்குறைய 13ஆம் நாளில் முட்டையோட்டின் வழியாக ஒளியைச் செலுத்தி, உள்ளே முளைத்துவரும் இறகு வெளிறியதா சிவந்ததா என்று நிறமாலைக் கருவியால் பார்ப்பது. நூறாண்டு பழைய வெள்ளி-பொன் விதியே இங்கு ஓட்டுக்குள் செயல்படுகிறது. அதனாலேயே பழுப்புக்கோழிக்கு மட்டும் இது பயன்படுகிறது, வெள்ளைக்கோழிக்கு முட்டைத் திரவத்தைச் சோதிக்கும் செலவு மிகுந்த வழிகள் தேவைப்படுகின்றன. பொரித்த குஞ்சைக் கொல்வதைவிட இது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் 13ஆம் நாள் கரு வலியை உணருமா என்ற விவாதம் எழுந்ததிலிருந்து, நிறம் தெரியத் தொடங்கும் நாளும் சட்டம் அனுமதிக்கும் நாளும் மிக நெருங்கி நிற்கின்றன.

நிறத்தைக் குறியாகக் கொள்ளாமல் குறிக்கோளாகவே கொள்ளும் கண்காட்சி வளர்ப்பு இன்னொரு வகை. அந்தலூசியன் கோழியின் நீலச்சாம்பல் நிறத்தைத் தூயதாக்க வளர்ப்பாளர் பல தலைமுறைகள் முயன்றும் குஞ்சுகளில் பாதி நீலமல்லாதவையாகப் பிறந்தன. அவை கழிவென்று ஒதுக்கப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் பேட்சனும் அவரோடு பணியாற்றியவர்களும் இதற்கு விளக்கம் தந்தனர்: நீலம் என்பது கருமைக்குரிய ஒரு பிரதியும் அதை வெளிறச் செய்யும் ஒரு பிரதியும் சேர்ந்த இடைநிலை; எனவே நீலமும் நீலமும் இணைந்தால் கால்பங்கு கருமை, அரைப்பங்கு நீலம், கால்பங்கு திட்டு படிந்த வெண்மை என்றுதான் வரும். கழிவென ஒதுக்கிய கருங்கோழியையும் வெண்கோழியையும் இணைத்தாலோ குஞ்சுகள் அனைத்தும் நீலம். மரபியல் அறிவு இங்கே வளர்ப்பாளரின் உழைப்பைப் பாதியாகக் குறைத்தது உண்மை. எனினும் ஒருபோதும் நிலைபெற முடியாத ஒரு நிறத்தை இனத்தின் இலக்கணமாக வகுத்த கண்காட்சி விதியை அது அசைக்கவில்லை.

நிறம் வெறும் ஒப்பனை என்று கருதுவதற்கும் தடையுண்டு. செங்காட்டுக்கோழிக்கும் வெள்ளை லெகார்னுக்கும் இடையிலான கலப்பு மந்தையை ஆராய்ந்து 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஓங்கு வெள்ளை மரபணுவைப் பெறாத நிறமுள்ள கோழிகளே பிற கோழிகளின் இறகுக் கொத்தலுக்கு அதிகம் இலக்காயின என்று காட்டியது. இறைச்சிக்கோழித் தொழில் வெண்மையைத் தேர்ந்தது, உரித்த தோலில் கரிய இறகுக்குருத்து தெரியக்கூடாது என்பதற்காக; மந்தையின் நடத்தையும் அதனோடு மாறியிருக்கக்கூடும் என்பது தேர்ந்தவர்களின் எண்ணத்தில் இருந்ததில்லை.

இந்தியச் சூழலில் நிறம் இனத்தின் சான்றிதழாகவே நடமாடுகிறது. வெள்ளை என்றால் பண்ணைக்கோழி, நிறமென்றால் நாட்டுக்கோழி என்ற வாங்குவோரின் கணிப்பு வனராஜா, கிரிராஜா போன்ற வண்ண இறகுக் கலப்பினங்கள் கிராமங்களில் ஏற்கப்பட உதவியது. அதே கணிப்பு, விரைவாக வளரும் எந்த வண்ணக் கலப்பையும் நாட்டுக்கோழி விலைக்கு விற்கவும் வழிவிடுகிறது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா வட்டாரத்தில் பீல் மக்கள் வளர்த்து, 2018இல் புவிசார் குறியீடு பெற்ற கடக்நாத் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதன் இறகு முழுக் கருப்பாகவும், கோடிட்டதாகவும், பொன் கலந்ததாகவும் மூன்று வகைப்படும். அதன் மதிப்போ தோலிலும் இறைச்சியிலும் எலும்பிலும் ஊறிய கருமையில் இருக்கிறது. அக்கருமையைத் தரும் மரபணு மாற்றம் ஓங்கு தன்மை உடையது. அதற்கு எதிராக, தோலில் மெலனின் படிவதைத் தடுக்கும் இன்னொரு ஓங்கு மரபணு இசட்டில் இருக்கிறது. மஞ்சட்காலும் வெண்காலும் உடைய இனங்கள் பலவற்றில் அது உண்டு. ஆகவே அத்தகைய பெட்டைக்குக் கடக்நாத் சேவலைச் சேர்த்தால், தடுப்பு மகன்களுக்கு மட்டும் போய், அவை வெளிறிப் பிறக்கின்றன. தடுப்பைப் பெறாத மகள்கள், பாதி மட்டுமே கடக்நாத்தாக இருந்தும், கருத்தே பிறக்கின்றன. அவற்றைத் தூய இனமென்று விற்பதைக் கண்ணால் மட்டும் தடுக்க முடியாது.

ஐயத்துக்குரிய பெட்டையைச் சோதிக்க விரும்புபவர் அதை வேறொரு கடக்நாத் சேவலோடு இணைத்தால் குஞ்சுகள் எப்படியும் கருத்தே பிறக்கும். மஞ்சட்கால் சேவலோடு இணைத்தால் தடுப்பு மரபணு எல்லாவற்றையும் வெளிறச் செய்துவிடும். இறைச்சி வெளிறியும் கால் சாம்பல்நிறமாகவும் உள்ள, தடுப்பற்ற சேவலே இதற்குத் தேவை. கலப்புப் பெட்டையாயின் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி வெளிறும். பன்னிரண்டு குஞ்சுகளும் கருத்திருந்தால், அது கலப்பாக இருந்தும் தற்செயலாக அவ்வாறு நேர்ந்திருக்கும் வாய்ப்பு 4096இல் ஒன்று. அந்த விடையும் கருமைக்குரிய ஒரே மரபணுவைப் பற்றியது. பெட்டையின் மற்ற மரபணுக்கள் எங்கிருந்து வந்தவை என்பது அப்போதும் திறந்த கேள்விதான்.