வேலி உண்டு, வாயில் எங்கே?

பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னும் ஒரு மாட்டை ஓட்டிவிடவே பார்ப்பர். முடிவில் புல்லே மிஞ்சாது. அமெரிக்க உயிரியலார் காரெட் ஹார்டின் 1968-இல் எழுதியதன் சாரம் இது. அதற்கு மறுப்பாக 1990-இல் வெளிவந்தது எலினார் ஆஸ்ட்ராம் எழுதிய 'பொதுவளங்களை ஆளுதல்' என்னும் ஆங்கில நூல். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் இவர். அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி.

மக்கள் தாமே விதி வகுத்துப் பொதுவளத்தைக் காக்க இயலும் என்று நூல் காட்டுகிறது. பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்பதில் தெளிவு வேண்டும் என்பதே அவர் கூறும் முதல் தேவை. அப்படியானால் புதிதாக வருபவன் கதி என்ன?

சுவிட்சர்லாந்தின் மலையூரான டோர்பெல்லைப் பாருங்கள். அங்கே நிலம் வாங்கிய அயலாருக்கும் பொது மேய்ச்சலில் உரிமையில்லை என்று பழைய ஊர்ச்சட்டம் சொன்னது. குளிர்காலத்தில் எத்தனை பசுக்களுக்குத் தீனி போட முடியுமோ, அத்தனையைத்தான் கோடையில் மலைக்கு ஓட்டலாம் என்பது 1517-ஆம் ஆண்டு விதி. எளிய கணக்கு! மேய்ச்சல் நிலம் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் அழியவில்லை. ஆனால் அவ்வூரில் திருமணங்கள் தாமதமாயின, மணமே செய்யாதோர் பலர், வெளியேறியோரும் பலர். ஆசிரியர் இதைச் சொல்லிவிட்டு விரைவாகக் கடந்துவிடுகிறார். அயலானைத் தடுத்த வேலி ஊர்ப்பிள்ளைகள் சிலரையும் வெளியே நிறுத்தியதோ என்று கேட்டிருக்க வேண்டாமா?

துருக்கியின் அலன்யா மீனவர்கள் வேறு வழி கண்டனர். ஆண்டுதோறும் செப்டம்பரில், உரிமம் பெற்ற உள்ளூர் மீனவர் அனைவர் பெயரும் பட்டியலாகும். கூட்டுறவுச் சங்கத்தில் சேராதவரும் உண்டு. சீட்டுக் குலுக்கி ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். ஜனவரி வரை தினமும் ஓரிடம் கிழக்கே நகர வேண்டும், பிறகு மேற்கே. இடம் மாறி வலை வீசினால், அன்று அவ்விடத்துக்கு உரியவனே வந்து கேட்பான். ஆஸ்ட்ராம் இதைக் கண்காணிப்பு என்கிறார். எனக்கோ இது பள்ளிக்கூடமாகத் தோன்றுகிறது. முதல் வாரத்திலேயே புதியவனுக்கு விதி மனப்பாடமாகிவிடுமே!

அதே நாட்டின் போட்ரமில் பெரிய இழுவைப் படகுகள் வந்தன. சுற்றுலா வளர, பொழுதுபோக்காக மீன் பிடிப்போரும் பயணிகளை ஏற்றும் படகுக்காரரும் சேர்ந்தனர். அவர்கள் பெயரை எழுத அங்கே பட்டியலே இல்லை. இந்தத் தோல்விக்குப் பிரிவுகள் பலவாகியதைக் காரணம் காட்டும் ஆசிரியர், வந்தவர்களை விதிக்குள் சேர்க்கும் வாயிலைப் பற்றி அதிகம் பேசவில்லை. நூலின் பெருங்குறை இதுவே.

மாணவர்கள் முதல் அத்தியாயத்தில் வரும் அலன்யாவையும் ஐந்தாம் அத்தியாயத்தில் வரும் போட்ரமையும் அடுத்தடுத்துப் படிக்கலாம். இரண்டாம் அத்தியாயம் கடினமான கோட்பாடு. முதல் வாசிப்பில் விட்டுவிட்டாலும் குற்றமில்லை.