நாற்பது நாற்பதாய் வரும் ஓசை

கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு விநாடி மணியோசையை மிடி கேபிள் வழியாக, ஒலியைப் பிடித்துவைத்து வாசிக்கும் பழைய சாம்ப்ளருக்கு அனுப்பினால், போய்ச் சேர முக்கால் நிமிடம் ஆகும். ஸ்டீரியோ என்றால் இடதுக்கு ஒரு நடை, வலதுக்கு ஒரு நடை. என் அறைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நான் காப்பியோடு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். எனக்கு அலுக்காத வேடிக்கை அது.

என்னிடம் இருப்பது அக்காய் எஸ்1000. 1988-ல் வந்த பெட்டி; 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதாவது ஒலியை விநாடிக்கு 44,100 தரம் அளந்து, ஒவ்வோர் அளவையும் (சாம்பிள்) 16 பிட்டில் எழுதிவைக்கும். அடிப்படை நினைவகம் 2 மெகாபைட்தான். மோனோவில் 23 விநாடிச் சொச்சம் பிடிக்கும். மிடி வழியாக அதை நிரப்பப் பதினெட்டு நிமிடம் வேண்டும்.

மிடியைக் குறை சொல்லிப் பயனில்லை. 1983-ல் அது வந்தது ஒலியைச் சுமக்க அல்ல. எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினார்கள் என்று சேதி சொல்ல. விநாடிக்கு 31,250 பிட் போதும் என்று வைத்தார்கள். பத்து லட்சத்தை 32-ஆல் வகுத்தால் வரும் எண் அது; ஒரு மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்திலிருந்து சுலபமாகப் பிரித்தெடுக்கலாம். வாங்கும் பக்கத்தில் கம்பி நேராக உள்ளே போவதில்லை. அங்கே ஒரு குட்டி விளக்கு மினுக்கும். எதிரே இருக்கும் ஒளியுணரி அதைப் பார்த்துக்கொள்ளும். ஒரு பெட்டியின் மின்சாரம் இன்னொன்றைத் தொடாததால் கேபிள் வழியாக 'ம்ம்ம்' என்ற ஹம் ஏறாது. ஆக, என் மணியோசை அந்தச் சிறு இடைவெளியை வெளிச்சமாகத்தான் தாண்டுகிறது.

சேதிக்காரன் தலையில் மூட்டையை ஏற்ற ஒரு முறை வகுத்தார்கள். சாம்பிள் டம்ப் ஸ்டாண்டர்ட் என்று பெயர். ஒலியைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டுவார்கள். பொட்டலத்துக்கு 127 பைட். அதில் ஒலிக்கு 120. மிச்சம் ஏழும் விலாசம், வரிசை எண், சரிபார்ப்பு என்று மரியாதைச் செலவு. மிடியில் ஒவ்வொரு பைட்டின் தலை பிட்டும் கட்டளைகளுக்கு ஒதுக்கப்பட்டது. சரக்குக்குக் கிடைப்பது ஏழுதான்; ஒரு சாம்பிளோ பதினாறு பிட். பதினாறு படி நெல்லை ஏழு படிக் கூடையில் கொண்டுபோகிறவர் என்ன செய்வார்? ஏழு, ஏழு, இரண்டு என்று மூன்று கூடை. மூன்றாவதில் ஐந்து படி இடம் காலியாகவே போகும். 120-ஐ மூன்றால் வகுத்தால் 40. ஒரு பொட்டலத்தில் நாற்பதே நாற்பது சாம்பிள்கள். ஒரு மில்லிவிநாடிகூட நிறையாத ஒலி அது. கம்பியைக் கடக்க அதற்கு 40 மில்லிவிநாடிக்கு மேல் பிடிக்கிறது.

கடைசியில் வரும் சரிபார்ப்பு பைட் எனக்கு ரொம்பப் பிடித்தது. புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு 'ஒத்தையா ரெட்டையா' கேட்போமே, அதே விளையாட்டுத்தான். ஏழு பிட் பத்திகளிலும் மேலிருந்து கீழே ஒன்றுகள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று அனுப்புகிறவர் குறித்துவிடுவார். வாங்குகிறவரும் எண்ணிப் பார்ப்பார். ஒரே பத்தியில் இரண்டு பிட் பிசகினால் ஒத்தை ரெட்டை மாறாது, தப்பு தெரியாமல் போய்விடும். அப்படி அமைவது அபூர்வம் என்ற துணிச்சல் அது.

எண்ணி முடித்ததும் பதில் வரும். பதில்களே நான்குதான், எண்கள் 127-லிருந்து இறங்கு வரிசை. 127 என்றால் 'வந்து சேர்ந்தது'. 126, 'இன்னொரு தரம் அனுப்பு'. 125, 'நிறுத்து'. 124, 'கொஞ்சம் பொறு'. இந்தப் 'பொறு'வுக்குக் கெடு கிடையாது. வாங்குகிறவர் இடம் ஒழிக்கட்டும், வேறு வேலை முடிக்கட்டும். அனுப்புகிறவர் வாசலிலேயே நிற்பார். திரும்பி வரும் கேபிள் இல்லாவிட்டாலும் கோபம் இல்லை. 20 மில்லிவிநாடி காதைத் தீட்டிப் பார்த்துவிட்டு, 'சரி, இவருக்குக் கேட்கும், பேச வராது' என்று முடிவுகட்டி அடுத்த பொட்டலத்தைத் தள்ளுவார். இவ்வளவு நாகரிகத்தை நான் வரிசையில் நிற்கும் மனிதர்களிடம் பார்த்ததில்லை.

முதலில் போகும் தலைப்புப் பொட்டலத்தில் ஒலியின் நீளம், திரும்பத் திரும்ப ஒலிக்கும் சுழற்சி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதெல்லாம் இருக்கும். வேகத்தை ஹெர்ட்ஸில் சொல்லாமல், ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நானோவிநாடி என்று சொல்வார்கள். 44,100-க்கு அது 22,675.7 என்று வரும். பின்னத்துக்கு இடமில்லாததால் 22,676 என்று எழுதினால் மறுமுனையில் 44,099.5 ஆகிறது. எந்தக் காதும் இந்த வித்தியாசத்தைப் பிடிக்காது. ஆனால் தலைப்பில் ஒலியின் பெயருக்கு இடமே வைக்கவில்லை. பின்னால் விரிவாக்கத்தில் சேர்த்தார்கள். பழைய பெட்டிகளுக்கு அது எட்டவில்லை. 'மணி' என்று கிளம்பியது வெறும் எண்ணாகப் போய் இறங்கும். நாம்தான் மறுபடி பெயர் சூட்டவேண்டும்.

ஸ்கஸி கேபிள் வந்ததும் இதெல்லாம் நொடிக்கணக்காகச் சுருங்கியது. தடித்த கேபிள், ஐம்பது ஊசி, முனைக்கு முனை டெர்மினேட்டர். வேகம் சரி, வேடிக்கை போச்சு. அழகில் மிடிக்கு ஈடு என்றால் 2014-ல் வந்த கோர்க் வோல்கா சாம்பிளைச் சொல்வேன். அதற்குக் கம்ப்யூட்டரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு சாதாரண ஆடியோ வயர்தான் போகிறது. ஒலியின் எண்கள் பழைய மோடம் போல வேறோர் இரைச்சலாக மாறி உள்ளே போகின்றன. அந்தப் பெட்டியின் சாம்பிள் வேகம் விநாடிக்கு 31,250. மிடியின் அதே எண்!

மிடிப் பொட்டலத்துக்கே திரும்பினால், அதில் முழு நிசப்தம் 0 என்று போகாது. 0 என்றால் அலையின் அடிமட்டம். நிசப்தம் நடுவில் இருக்கிறது. மூன்று கூடையிலும் 64, 0, 0 என்று ஏறிப் போகும். ஒரு விநாடி மௌனத்துக்கும் ஒரு விநாடி மணிக்கும் சுமைகூலி ஒன்றுதான். ஆகவே இந்த முறையில் அனுப்பப்போகிறவர்கள், மணியின் ரீங்காரம் அடங்கிய இடத்தில் வாலை வெட்டிவிட்டு அனுப்புங்கள். வெட்டாத ஒவ்வொரு விநாடிக்கும் 45 விநாடி காத்திருக்கவேண்டும்.