இரண்டு கரிநெருப்புகள்: யோவான் 21 பற்றி ஒரு குறிப்பு

ஈஸ்டர் பிரசங்கங்களில் யோவான் 21 பெரும்பாலும் ஆறுதல் பகுதியாகத்தான் வரும். மூன்று முறை மறுதலித்த பேதுருவை உயிர்த்தெழுந்த இயேசு மன்னித்தார், நம்மையும் மன்னிப்பார், ஆமென். தப்புன்னு சொல்லல. ஆனால் அந்த அதிகாரத்தைத் திறந்து தேடிப் பாருங்கள், மன்னிப்பு என்ற சொல்லே அதில் கிடையாது. இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்த விஷயம்.

கரியிலிருந்து ஆரம்பிக்கலாம். கிரேக்கத்தில் 'அந்த்ராக்கியா' என்றொரு சொல், கரி போட்டு மூட்டிய நெருப்பு. புதிய ஏற்பாடு முழுக்க அது இரண்டே இடங்களில்தான் வருகிறது, இரண்டும் யோவானில். முதலாவது 18:18. பிரதான ஆசாரியனின் முற்றம், குளிர், வேலைக்காரர்களோடு நின்று பேதுரு குளிர்காய்கிறார், அங்கேதான் மறுதலிப்பு. இரண்டாவது 21:9. திபேரியா கடற்கரை, விடியற்காலம், கரிநெருப்பின் மேல் மீன், பக்கத்தில் அப்பம். முற்றத்துச் சம்பவத்தை மாற்கும் லூக்காவும்கூடச் சொல்கிறார்கள், ஆனால் அங்கே கரி இல்லை. வெறும் நெருப்பும் வெளிச்சமும்தான். ஆக, கரி யோவான் வேண்டுமென்றே வைத்தது என்றுதான் நான் வாசிக்கிறேன். நம்ம பழைய தமிழ் பைபிளில் இரண்டு இடத்திலும் 'கரிநெருப்பு' என்றே இருக்கும். ஆங்கில என்ஐவி-யில் முதல் இடத்தில் கரி காணாமல் போய் வெறும் நெருப்பு மட்டும் மிஞ்சுகிறது. இந்த ஒரு இடத்தில் தமிழ் வாசகர் கொடுத்துவைத்தவர்.

கரிப்புகை வாசனை லேசில் மறக்காது. அதே வாசனைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் இயேசு கேட்கிறார். அதுவும் சாப்பாடு முடிந்த பிறகு. முதலில் பசி, அப்புறம்தான் கேள்வி. இந்த வரிசை முக்கியம். கேட்கும்போது பேதுரு என்று கூப்பிடவில்லை, சீமோன் என்கிறார். தான் வைத்த பெயரை ஒதுக்கிவிட்டுப் பழைய பெயர். முதல் கேள்வியில் ஒரு கொக்கி வேறு: இவர்களைவிட அதிகமாக நீ என்னை நேசிக்கிறாயா? மற்றவர்கள் எல்லாரும் ஓடினாலும் நான் ஓடமாட்டேன் என்று பேதுரு அடித்துச் சொன்னது மத்தேயுவிலும் மாற்கிலும் இருக்கிறது. இப்போது அவர் பதிலில் அந்த ஒப்பீடு மட்டும் இல்லை. நேசிக்கிறேன், உமக்கே தெரியும், அவ்வளவுதான். இந்த மௌனத்தைப் பற்றி ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை.

கேட்டதெல்லாம் 'அகாப்பே, ஃபிலியோ' பிரசங்கம்தான். முதல் இரண்டு கேள்விகளில் ஒரு வினைச்சொல், மூன்றாவதில் வேறொன்று. ஆகவே இயேசு பேதுருவின் தரத்துக்கு இறங்கி வந்தார் என்பார்கள். கேட்க அழகா இருக்கும். ஆனால் பிதா குமாரனை நேசிப்பதைச் சொல்ல யோவான் 3:35-ல் ஒரு சொல்லையும் 5:20-ல் மற்றொன்றையும் போடுகிறார். பிதாவின் அன்பு இரண்டு அதிகாரத்துக்குள் தரம் இறங்கியதா என்ன? பேதுருவுக்கு வலித்தது மூன்றாவது முறை கேட்டதால் என்று பிரதியே காரணம் சொல்லிவிடுகிறது. (வலையில் விழுந்த 153 மீனும் இப்படித்தான். 1 முதல் 17 வரை கூட்டினால் 153 வரும் என்று அகஸ்டின் காலத்திலேயே கணக்குப் போட்டுவிட்டார்கள். கணக்கு சரி, எனக்கும் பிடிக்கும், ஆனால் கதைக்கு அதனால் லாபமில்லை.)

மூன்று பதில்களுக்கும் கிடைப்பது வேலை. ஆடுகளைப் பார்த்துக்கொள். தன் வாயையே நம்ப முடியாமல் போன ஒரு ஆளிடம் அடுத்தவர் உயிர்களை ஒப்படைப்பது, மன்னித்தேன் என்ற சொல்லைவிடப் பெரிய ஆறுதல் என்றே நினைக்கிறேன். ஆனால் அது இலவசமாக வரவில்லை. முற்றத்தில் சொன்ன மூன்று இல்லைகளுக்கும் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. குற்ற உணர்ச்சியோடு கோயிலுக்கு வருகிற ஒருவரிடம், எல்லாம் முடிஞ்சுபோச்சு, மறந்துடுங்க என்று பிரசங்கம் சொல்லலாம். இந்த அதிகாரம் அப்படிச் சொல்லவில்லை.

வேலையோடு சேர்த்து சாவும் சொல்லப்படுகிறது: வயதான காலத்தில் வேறொருவன் உன்னைக் கட்டி, நீ விரும்பாத இடத்துக்குக் கொண்டுபோவான். இவ்வளவையும் கேட்டுவிட்டு பேதுரு என்ன செய்கிறார்? திரும்பிப் பார்க்கிறார், பின்னால் இன்னொரு சீஷர் வருகிறார். இவர் கதி என்ன ஆண்டவரே என்கிறார். அது உன் கவலை இல்லை, நீ வா என்று பதில் வருகிறது.