கர்ணமும் கம்பும்

தமிழகத்தில் புறா விடுகிறவர்கள் மூன்று கட்சி. கூண்டுக்கு மேலேயே மணிக்கணக்கில் பறந்து நிற்கும் சாதா புறா ஒன்று. தொலைவில் கொண்டுபோய் விட்டாலும் வீடு வந்து சேரும் ஹோமர் இன்னொன்று. மூன்றாவது, வானத்தில் குட்டிக்கரணம் போடும் கர்ணப் புறா. முதல் இரண்டுக்கும் கடிகாரம் தீர்ப்புச் சொல்லிவிடும். கர்ணத்துக்குக் கண்தான் நடுவர், வாக்குவாதமெல்லாம் அதனால்தான்.

ஒன்றிரண்டு கர்ணம் அடித்துவிட்டு மேலே ஏறிக்கொண்டே போகும் பறவை சிலருக்குப் பிடிக்கும். வேறு சிலருக்குச் சுருண்டு சுருண்டு கீழே இறங்கினால்தான் கர்ணம். இங்கிலாந்தின் பர்மிங்காம் ரோலர் இந்த இரண்டாம் வழியின் உச்சம். அதன் உலகக் கோப்பைப் போட்டியில் கூட்டமாகத்தான் பறக்கவிடுவார்கள். இருபது நிமிடத்துக்குள் ஐந்து பறவையாவது ஒரே நேரத்தில் சுழன்றால்தான் மதிப்பெண். சுழற்சியின் தரமும் ஆழமும் தனியாகப் பெருக்கப்படும். வட இந்திய லோட்டன் இதற்கு நேரெதிர்: லேசாகக் குலுக்கித் தரையில் வைத்தால் அங்கேயே புரளும். டார்வின்கூட இதை எழுதியிருக்கிறார். எனக்கு அது வித்தையாகத் தெரியவில்லை. பறவை படும் அவஸ்தையாகத்தான் தெரிகிறது.

என்னைக் கேட்டால், எத்தனை சுற்று என்பதைவிட எப்படி நிறுத்துகிறது என்பதே தரம். சட்டென்று சிறகை விரித்துக் கூட்டத்தோடு மறுபடி சேர வேண்டும். நிறுத்தத் தெரியாத புறா ஓட்டில் மோதிச் சாகும். அதை ஜோடி சேர்ப்பது குஞ்சுகளுக்குச் செய்யும் துரோகம்.

அந்தக் கட்டுப்பாட்டில் பாதி பிறவியில் வருவது, மீதி தீனியில். வயிறு நிறைந்த புறா கூரையைவிட்டு நகராது. பட்டினி போட்டதோ சுழற்சியில் தள்ளாடும். அக்பரின் புறாக்கூடுகளில் இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. பறக்கும் புறாவுக்குச் சிறுதானியம் மட்டும், மற்றவற்றுக்கு அரிசி, பருப்பு, சோளம் என்று ஏழு வகைக் கலவை என அவர் ஆட்சியை விவரிக்கும் அயினி அக்பரி நூல் பதிந்திருக்கிறது.

கள்ளக்குறிச்சிக்காரர் இந்தத் தானியங்களுக்கு அலைய வேண்டியதில்லை. கல்வராயன் மலையில் சாமையும் தினையும், கீழே கம்பும் சோளமும் கிடைக்கின்றன. ஒரு புறாவுக்கு நாளைக்கு 25 முதல் 30 கிராம் போதும்; அதையும் பறந்து இறங்கிய பிறகே போட வேண்டும். தீனிச் சத்தம் கேட்டதும் இறங்கும் பழக்கம் அப்படித்தான் படியும். மலையடிவாரத்தில் வல்லூறு சுற்றும்போது அந்தப் பழக்கம் உயிரைக் காக்கும். இறகு உதிரும் காலத்தில் மட்டும் பறக்கவிடுவதை நிறுத்திவிட்டு, பச்சைப்பயறும் பட்டாணியும் கூட்டி, பக்கத்தில் கிளிஞ்சல் தூளும் வைக்க வேண்டும்.